வலிக்குக் கருவிச் சிகிச்சை படிக்கலாமா? களுவாஞ்சிகுடித் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளின் உயர்தரப் பெறுபேறு வருவதற்குள்ளேயே கொழும்பில் நடக்கும் ஒரு குறுங்காலப் பயிற்சிக்குக் காசு கட்டும்படி உறவினர் அவசரப்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். ஸ்டீல் கருவியால் தசையைத் தேய்த்து நாட்பட்ட வலியைக் குறைக்கும் சிகிச்சையாம். சில நாட்களில் சான்றிதழ், பிறகு வீட்டு முன்னறையிலேயே தொழில் என்று சொல்கிறார்களாம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது கட்ட வேண்டாம். பிள்ளைக்கு இதில் உண்மையான விருப்பம் இருந்தால் பிசியோதெரபி படிக்கட்டும். கருவியைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

இந்தச் சிகிச்சையை நான் பொய் என்று சொல்லவில்லை. தோலில் கிரீம் தடவி, ஓரம் மழுங்கிய கருவியால் தசை, தசைநாண், அவற்றைச் சுற்றியுள்ள சவ்வு ஆகியவற்றின் மேல் அளவான அழுத்தத்தோடு இழுப்பார்கள். சீனாவில் 'குவா ஷா' என்று காலங்காலமாகச் சுரண்டிச் செய்துவந்த வைத்தியம் இதற்குத் தூரத்து உறவு. டேவிட் கிராஸ்டன் என்ற அமெரிக்கர் தன் முழங்கால் காயத்துக்குப் பிறகு உருவாக்கிய கருவிகள் 1990களில் பிசியோதெரபிஸ்ட்களிடம் பரவின. காயத் தழும்பையும் இறுகிப்போன இழையத்தையும் இது உடைக்கிறது என்றுதான் முதலில் விளக்கம் சொன்னார்கள். இன்று அந்த விளக்கத்தைப் பலர் அப்படியே ஏற்பதில்லை. நரம்புகள் வழியாக வலியுணர்வு சற்றுத் தணிகிறது, அதனால் மூட்டு கொஞ்ச நேரத்துக்கு இலகுவாக அசைகிறது என்பதே பொருத்தமாகப் படுகிறது. அந்த இடைவெளியில் செய்விக்கும் நீட்சிப் பயிற்சியும் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும்தான் நாட்பட்ட வலிக்குப் பெரிய மருந்து. தேய்த்துவிட்டு அனுப்பினால் அடுத்த வாரம் அதே வலியோடு திரும்பி வருவார்கள். இதுபற்றிய ஆய்வு முடிவுகளும் கலவையானவை. தனியே நின்று வலியைத் தீர்க்கும் சிகிச்சை என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

தேவை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். நிறையவே இருக்கிறது. மருதமுனையில் கைத்தறிக்கு முன் நாள் முழுக்கக் குந்தியிருப்பவர்களின் தோள்பட்டை, வாவியில் வலை இழுப்பவர்களின் முழங்கை, வயலில் குனிந்து நிமிர்கிறவர்களின் நாரி, தையல் மெஷினில் இருக்கும் பெண்களின் கழுத்து என்று நம் பகுதியில் வலி இல்லாத உழைப்பாளி வீடு குறைவு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத்தான் நாட்பட்ட வலி என்கிறார்கள். நம்மவர்கள் பல வருடங்கள் அதோடேயே வாழ்ந்துவிடுகிறார்கள். இந்த மக்களுக்கு நன்றாகப் படித்த கை வேண்டும் என்பதால்தான் நானும் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாரி வலியோடு ஒரு வயல்காரர் மகளிடம் வருகிறார் என்று வையுங்கள். அவர் இதய நோய்க்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வாபரின் குளிசை எடுப்பவராக இருக்கலாம். அவருக்குக் கருவி போட்டால் தோலுக்கடியில் இரத்தம் கசியும். இன்னொருவருக்குக் கெண்டைக்கால் வீங்கிக் கிடக்கிறது. அது நாளத்தில் இரத்தம் கட்டியதாக இருந்தால் தேய்ப்பதே உயிராபத்து. நீண்டகாலச் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு அழுத்தம் கூடினாலும் தெரியாது. இரவில் படுத்தாலும் விடாத முதுகு வலி, காரணமில்லாமல் மெலிவு, சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல் என்று யாராவது சொன்னால் அவரை உடனே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். இதையெல்லாம் கேட்டு, பரிசோதித்து, முடிவெடுக்கச் சில நாட்களில் எவராலும் பழக்க முடியாது. கிராஸ்டன் முறைப் பயிற்சியே உரிமம் பெற்ற சிகிச்சையாளர்களுக்கும் அந்தத் துறை மாணவர்களுக்கும்தான் கொடுக்கப்படுகிறது.

சரி, வழி என்ன? மகள் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் செய்திருக்கிறாள். அது நல்லது. பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் பிசியோதெரபி நான்கு வருடச் சிறப்புப் பட்டம். பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளி வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலோடு உட்கார்ந்து, விருப்ப வரிசையில் இதை எந்த இடத்தில் போடுவது என்று நிதானமாக முடிவெடுங்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடு பெறும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பவை. அதனால் கொழும்பு மாணவரின் வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளியை, பார்த்துப் பயந்து இந்தத் துறையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். நம் மாவட்டத்தின் கடந்த வருடங்களின் வெட்டுப்புள்ளியைப் பாருங்கள். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பட்டம் உண்டு. அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் உண்டு. சுகாதார அமைச்சு பிசியோதெரபிப் பயிற்சிக்கு ஆட்களை அழைத்தால் அது வர்த்தமானியில் வரும். நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த வருட அறிவித்தலையே நம்புங்கள்.

தனியார் நிறுவனங்களும் பட்டம் தருகின்றன. அங்கே சேர நினைத்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: அந்தப் பட்டத்தோடு இலங்கை மருத்துவச் சபையில் பிசியோதெரபிஸ்ட்டாகப் பதிவுசெய்ய முடியுமா? வாய்ப்பேச்சை ஏற்காமல் எழுத்தில் வாங்குங்கள். பதிவு இல்லாமல் அரச வைத்தியசாலை வேலையை நினைக்கவே முடியாது. வெளிநாட்டுக்குப் போக நினைத்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், கண்டியிலும் கொழும்பிலும் நோயாளி சிங்களத்தில் பேசுவார். தமிழ் மொழிமூலம் படித்து அங்கே போகிற பிள்ளைகள் முதல் வருடத்தில் திணறுவது பாடத்தைவிட இதிலேதான். பெறுபேறு வரும்வரை கையில் இருக்கும் மாதங்களை இதற்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சுச் சிங்களமும், உடற்கூற்றியல் பாடத்தை வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலமும் வந்தால் போதும். படித்துவிட்டு நம் பக்கம் திரும்பும்போது இன்னொரு பலம் கிடைக்கும். 'விண் விண்' என்று தெறிக்கிறதா, கடுக்கிறதா, கொதிக்கிறதா என்று வலியை நம் மக்கள் சொல்கிற விதத்திலேயே கேட்டு விளங்கிக்கொள்ள அவளால் முடியும்.

புள்ளி எட்டாவிட்டால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பிலேயே தாதியியல் பட்டம் இருக்கிறது. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கலாம். தொக்கணம் என்ற தொடுசிகிச்சை அந்த மரபின் சொந்தச் சொத்து, வலியோடு வேலை செய்ய விரும்புகிற பிள்ளைக்கு அது இரண்டாந்தரத் தெரிவே அல்ல.

அப்புறம், அந்த உறவினரை முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டாம். மூன்று கேள்விகளை மட்டும் அவர் மூலம் அந்த நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். பயிற்சி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? கற்பிப்பவர் மருத்துவச் சபையில் பதிவுபெற்ற பிசியோதெரபிஸ்ட்டா? இந்தச் சான்றிதழோடு சட்டப்படி என்ன வேலை செய்யலாம்? பதில் வரும்வரை காசு உங்களிடமே இருக்கட்டும். இதற்கிடையில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பிசியோதெரபிப் பிரிவிலோ கல்முனை ஆதார வைத்தியசாலையிலோ அனுமதி கேட்டு, மகள் ஒரு காலைப்பொழுது அந்த வேலையைப் பார்த்துவரட்டும். பக்கவாதம் வந்த ஒருவரை எழுப்பி நிற்க வைப்பதைப் பார்த்த பிறகும் இதுதான் வேண்டும் என்றால், பெறுபேற்றுத் தாளோடு இருவரும் என்னிடம் வாருங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.