மெக்டவல் அவ்வளவு மோதுபவரா? நாஸ்கார் கணக்கில் ஒரு திருத்தம்

அமெரிக்கக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரில் அதிகம் மோதும் ஓட்டுநர்கள் என்று நீங்கள் போட்ட பட்டியலில் மைக்கேல் மெக்டவல் முதலிடத்தில் இருக்கிறார். இல்லை, அவர் அந்தப் பட்டியலின் உச்சியில் வரவேண்டியவர் அல்ல. பந்தயத்தை முடிக்காத எல்லாவற்றையும் நீங்கள் மோதல் என்று எண்ணியிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான்.

அவருடைய ஆரம்ப வருடங்களில் அவர் ஓட்டிய சில சிறு அணிகள் சில சுற்றுகள் ஓடிவிட்டு, பரிசுப் பணத்தோடு காரை ஓரங்கட்டிவிடும். முடிவுப் பட்டியலில் பிரேக், அதிர்வு, எஞ்சின் சூடு என்று ஏதாவது காரணம் இருக்கும். ஓட்டியவர் யார் மீதும் மோதியிருக்க மாட்டார்.

முடிவுப் பட்டியலில் விலகிய காரணம் 'மோதல்' என்று இருப்பவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அப்புறம் 2017இல் வந்த 'டிவிபி' (சேதமடைந்த கார் விதி) என்ற குறிப்பையும் மோதலோடு சேருங்கள். அடிபட்ட காரைக் குறித்த நேரத்துக்குள் சரிசெய்ய முடியாமல் விலக்கப்பட்டவர்கள் அவர்கள். டேடோனா, டல்லடேகா என்ற இரண்டு பந்தயத் தடங்களையும் தனியாக வையுங்கள். அங்கே ஒருவர் தடுமாறினால் பின்னால் வரும் இருபது பேரும் மாட்டுவார்கள், அதில் திறமையைத் தேடுவது வீண்.

குறைவாக மோதியவர் யார் என்று கேட்டால் நான் மேட் கென்சத் என்ற ஓட்டுநர் பக்கம். 2003இல் ஒரே ஒரு வெற்றி, ஆனால் 36 பந்தயங்களில் 25 முறை முதல் பத்து இடங்களுக்குள். காரை முழுசாகக் கொண்டுவந்தே அந்த வருடச் சாம்பியன் பட்டம் வாங்கிய மனிதர்.

ஒன்று மட்டும்: கடைசிச் சுற்று மோதல் இந்தக் கணக்கில் தப்பிவிடும், ஏனென்றால் ஓட்டுநர் பந்தயத்தை முடித்தவராகவே பட்டியலில் வரக்கூடும். 2020 'டேடோனா 500' பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ரயன் நியூமன் என்ற ஓட்டுநரின் கார் பயங்கரமாகப் புரண்டது. முடிவில் அவருக்கு 9ஆம் இடம்.