முலைக்காம்பு வெடிப்பு: களிம்பைவிடப் பிள்ளை கவ்வும் பிடிதான் முக்கியம்
தங்கச்சி, பிள்ளைக்கு 12 நாள், காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது, மாமியார் மஞ்சள் பூசச் சொல்கிறார் என்கிறீர்கள். மஞ்சள் வேண்டாம், பிள்ளை வாய்க்குள் போகும்.

குடித்து விட்டதும் காம்பைப் பாருங்கள். லிப்ஸ்டிக் முனைபோல் ஒரு பக்கம் சரிந்திருந்தால், பிள்ளை நுனியை மட்டும் கவ்வுகிறது என்று அர்த்தம். மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். கொட்டாவி அளவு வாய் திறந்ததும் முகவாயை முதலில் மார்பில் பதியுங்கள். கீழ்ப்பக்கக் கருவட்டம் அதிகம் உள்ளே போக வேண்டும். வலி தொடர்ந்தால் இழுக்காதீர்கள். வாயோரம் சுண்டுவிரலை விட்டு, பிடியைத் தளர்த்தி மறுபடி வையுங்கள்.

பிறகு இரண்டு சொட்டுத் தாய்ப்பால் தடவி உலர்த்தி, பட்டாணி அளவு லனோலின் களிம்பு. சோப்பு கூடாது. சுங்கை சிப்புட் ஊர்ப் புழுக்கத்தில் மார்பில் வைக்கும் ஈரப் பேட் புண்ணை ஊற வைத்துவிடும், உடனே மாற்றுங்கள்.

வீட்டுக்கு வரும் மிஸ்ஸி (நர்ஸ்) முன்னால் ஒருமுறை பால் கொடுத்துக் காட்டுங்கள். காய்ச்சல், மார்பில் சூடான சிவப்பு, பிள்ளை நாக்கில் துடைத்தும் போகாத வெள்ளை இருந்தால் அன்றே கிளினிக்.