ஷேர் செய்தால் ஸ்கிரீன் கறுப்பு: கார்டை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். பெங்களூரு, சிங்கப்பூர் ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு ஜூம் மீட்டிங்கில் லேப்டாப் ஸ்கிரீனை ஷேர் செய்து டிசைன் காட்டுவேன். ஒரு மாதமாக அவர்களுக்கு வெறும் கறுப்பாகத் தெரிகிறது. எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. சில நாள் தெரிந்தாலும் முதல் படத்திலேயே நின்றுவிடுகிறது. காரைக்குடியில் ஒரு கடையில் கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். நெட்டில் கிடைத்த கஸ்டமர் கேர் நம்பருக்குப் பேசினால், எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே லேப்டாப்பை இயக்கவிடும் செயலி) போடுங்கள், இங்கிருந்தே சரிசெய்கிறோம் என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். அந்த நம்பரிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால் எடுக்கவே வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கார்டு போனதற்கான அடையாளம் இது இல்லை. கிராஃபிக்ஸ் சிப் பழுதானால் ஸ்கிரீனில் கோடு விழும், படம் உடையும், லேப்டாப் நடுவில் அணைந்துபோகும். அதெல்லாம் உங்கள் கண்ணில்தான் முதலில் படும், சிங்கப்பூரில் இருப்பவருக்கு இல்லை. தவிர, லேப்டாப்பில் பெரும்பாலும் அந்தச் சிப்பை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். டெஸ்க்டாப்பில் போலக் கழற்றி மாட்டுகிற கார்டே கிடையாது. எந்தக் கார்டை மாற்றப்போகிறீர்கள், கழற்றிக் காட்டுங்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள். வருஷக்கணக்காகச் சேர்த்த டிசைன் படங்கள் அதோடு போய்விடும்.

நடப்பது இதுதான். டிசைன் வேலைக்கென்று வாங்கிய லேப்டாப்புகள் பலவற்றில் கிராஃபிக்ஸ் சிப் இரண்டு இருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்தும் சின்னது ஒன்று, என்விடியா போன்ற பெரியது ஒன்று. உங்கள் ஸ்கிரீனை வரைவது சின்னது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஜூம் பெரியதில் ஓட ஆரம்பித்திருக்கும். ஒரு சிப் வரைந்த படத்தை இன்னொரு சிப் வழியாக நகல் எடுக்கப் பார்க்கிறது, கிடைக்கவில்லை, கறுப்பை அனுப்புகிறது.

சரிசெய்ய: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அதற்குள் கீழே கிராஃபிக்ஸ். வரும் பட்டியலில் ஜூமைத் தேடித் தொடுங்கள். சில விண்டோஸில் ஆப்ஷன்ஸ் என்று பட்டன் வரும், சிலவற்றில் நேராகவே பட்டியல் விரியும். அப்டேட்டுக்கு அப்டேட் இடத்தையும் பெயரையும் மாற்றிவைத்தால் பட்டறை வேலைக்கு நடுவே ஒருவர் எப்படித்தான் கண்டுபிடிப்பார்? எப்படி வந்தாலும் பவர் சேவிங் என்பதைத் தேர்ந்தெடுத்து, சேவ் பட்டன் இருந்தால் அழுத்துங்கள். பிறகு ஜூமை முழுதாக மூடவேண்டும். மேலே இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் அது மூடாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகானாக உட்கார்ந்திருக்கும். அதன்மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸிட் கொடுங்கள். பாதிப்பேர் இதை விட்டுவிட்டு, மாற்றியும் பலனில்லை என்கிறார்கள். பவர் சேவிங்கில் சரியாகவில்லை என்றால் அதே இடத்தில் ஹை பெர்ஃபார்மன்ஸ் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஜூமின் செட்டிங்ஸில் ஷேர் ஸ்கிரீன், அட்வான்ஸ்டு, அங்கே ஸ்கிரீன் கேப்சர் மோட் இருக்கும். அது ஆட்டோவில் நிற்கும். மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். படங்களை குரோமில் திறந்து காட்டுகிறீர்கள், குரோம் மட்டும் கறுக்கிறது என்றால் குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை அணையுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆர்க்கிடெக்ட்டைக் கூப்பிட்டு இப்போது தெரிகிறதா என்று கேட்கவேண்டாம். லேப்டாப்பில் ஒரு மீட்டிங்கை ஆரம்பித்து, அதே மீட்டிங்கில் உங்கள் ஃபோனிலிருந்து வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் சேருங்கள். ஃபோனில் ஆடியோவை இணைக்காமல் விடுங்கள், இல்லையென்றால் எதிரொலிக்கும். வாடிக்கையாளர் பார்ப்பது ஃபோனில் அப்படியே தெரியும்.

அடுத்தது, முதல் படத்திலேயே நிற்பது. அந்த நேரத்தில் உங்கள் குரலும் விட்டுவிட்டுப் போகிறதா? போனால் நெட். குரல் சுத்தமாகப் போய்ப் படம் மட்டும் நின்றால் நீங்கள் ஷேர் செய்த விதம். ஷேர் பட்டனை அழுத்தியதும் வரும் கட்டங்களில் ஒரு படம் திறந்திருக்கும் விண்டோவை மட்டும் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அடுத்த படம் வேறு விண்டோவில் திறக்கும். அது அவர்களுக்குப் போகாது, பழையதே நிற்கும். முழு ஸ்கிரீனையும் கொடுத்தால் தெரியும்தான். ஆனால் இன்னொரு வாடிக்கையாளருக்குச் சொன்ன சதுர அடி ரேட் வாட்ஸ்அப்பில் மேலே மின்னினால் அதுவும் தெரியும். அதனால் டிசைன்களை வரிசையாக ஒரே பிடிஎஃப் ஆக்கி, அந்த விண்டோவை மட்டும் ஷேர் செய்து பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போங்கள். மினிமைஸ் மட்டும் செய்துவிடாதீர்கள்.

நெட் என்றால், பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்று கேபிள்காரர் சொல்வார். ஸ்கிரீன் ஷேர் மட்டும் என்றால் ஜூமுக்கு 50 முதல் 75 கேபிபிஎஸ் வேகம் போதும், ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் முகமும் போனால்தான் கூடுதலாக வேண்டும். நம் ஊர் வீடுகளில் தொல்லை சுவர். மோடம் முகப்பில், லேப்டாப் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், நடுவே முழங்கைப் பருமனில் நாலைந்து சுவர் என்றால் 300 எம்பிபிஎஸ் வாங்கினாலும் உள்ளே வந்துசேராது. கேட் 6 நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். வளவு (நடு முற்றம்) ஓரமாக ஒன்றை இழுத்து லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள்.

இனி அந்த ஃபோன் நம்பர். இதைத்தான் அழுத்திச் சொல்லவேண்டும். இலவசக் கணக்கு வைத்திருப்பவருக்கு ஃபோனை எடுத்துப் பேச ஜூமில் ஆள் கிடையாது. உதவிப் பக்கங்கள் இருக்கின்றன, சாமானியருக்குப் புரியாத இங்கிலீஷில். அந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர்கள் போலி கஸ்டமர் கேர் நம்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தேடினால் பல சமயம் அவர்கள் நம்பர்தான் மேலே வருகிறது. எனிடெஸ்க் போட்டு அது காட்டும் எண்ணைச் சொல்லி அனுமதித்தால், மவுஸும் கீபோர்டும் அவர்கள் கைக்குப் போய்விடும். ஃபோனில் போட்டால் வரும் ஓடிபியையும் படித்துவிடுவார்கள். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் பெயரைச் சொல்லி எச்சரித்துவிட்டது. இன்றும் அதே வித்தைதான் நடக்கிறது. அந்த செயலி வேண்டாம், வாட்ஸ்அப் வீடியோ காலில் ஸ்கிரீனை ஷேர் செய்யுங்கள் என்று மாற்றிக் கேட்டாலும் ஆபத்துதான், வரும் ஓடிபி அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஜூமிலேயே ரிமோட் கண்ட்ரோல் கேட்டு ஒரு பெட்டி வரும். படிக்காமல் அப்ரூவ் அழுத்தாதீர்கள்.

எனிடெஸ்க்கே கெட்டது என்று சொல்லவில்லை. நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறது; ஐயா, ஆத்தாவின் லேப்டாப்பை அங்கிருந்தே பார்த்துக்கொடுக்கிறார்கள். அது நல்ல உபயோகம். ஆனால் அதற்கும் முறை இருக்கிறது. ‘அப்பா, நான்தான், இந்த நம்பர் புதுசு’ என்று மெசேஜ் வந்தால் நம்பவேண்டாம். உங்களிடம் முன்பே இருக்கும் நம்பருக்கு நீங்களே வீடியோ காலில் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசிய பிறகு எண்ணைச் சொல்லுங்கள். பேங்க் பக்கங்களை முன்கூட்டியே மூடுங்கள். வேலை முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க நிரந்தர பாஸ்வேர்டு வைக்கலாமா என்று பிள்ளையே கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்ததும் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

நீங்கள் ஏற்கெனவே போட்டு எண்ணைக் கொடுத்திருந்தால், இதைப் படித்த கையோடு நெட்டைத் துண்டித்து எனிடெஸ்க்கை நீக்குங்கள். வேறொரு ஃபோனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே பேசுங்கள். ஒவ்வொரு மணி நேரம் தாமதிக்கும்போதும் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, உங்கள் தொழிலுக்கு முக்கியம். மாலையில் லேப்டாப் ஸ்கிரீன் லேசாக மஞ்சளாகிறதா? அது நைட் லைட். அந்த மஞ்சள் உங்கள் ஸ்கிரீனில் மட்டும்தான், ஷேரில் போகாது. நீங்கள் காவி கலந்த சிவப்பு என்று நினைத்துப் பேசிக்கொண்டிருப்பீர்கள், அவர் பார்ப்பது வேறு சிவப்பு. அதோடு படத்தைச் சுருக்கி அனுப்பும்போது சிவப்பு ஓரங்கள் பிசிறும். ஷேர் செய்யும்போது வீடியோ கிளிப்புக்கு என்று இருக்கும் ஆப்டிமைஸ் டிக்கை எடுத்துவிட்டால் பூவின் கோடுகள் கொஞ்சம் தெளியும். ஆனால் நிறத்தை மட்டும் ஸ்கிரீனில் முடிவுசெய்யாதீர்கள். வார்த்த கண்ணாடியிலிருந்து எடுத்து நன்றாகக் காய்ந்த டைல்ஸில் ஒன்றைக் கூரியரில் அனுப்பி, அது கைக்கு வந்து அவர் சரி சொன்ன பிறகு அட்வான்ஸ் வாங்குங்கள்.