பாலி கிராமப் பள்ளிக்குக் குடும்பத்தோடு உதவப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

2018 மே மாதக் கடைசியில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இந்தோனேசியாவின் பாலித் தீவில், கிந்தாமணி மலைப்பக்கம் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளிக்கு உதவப் போனோம். அதன் பிறகு நான்கு முறை போய் வந்துவிட்டேன். போக நினைப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்வி. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இரு பிள்ளை அம்மா, கோவை: அக்கா, கோடை விடுமுறையில் பத்து நாள் போகலாம் என்று இருக்கிறோம். எந்த மாதம் நல்லது?

மே முதல் மூன்று வாரம். ஜூனில் அங்கே ஆண்டுத் தேர்வு வந்துவிடும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை நீண்ட விடுமுறை.

ஆனால் மாதத்தை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஏமாந்தோம். பாலியில் பண்டிகைகளுக்கு 210 நாளில் சுற்றிவரும் தனி நாட்காட்டி ஒன்று இருக்கிறது. கலுங்கான் பண்டிகை அதன்படிதான் வரும், பத்து நாள் கழித்து குனிங்கான். 2018-ல் கலுங்கான் மே 30. நாங்கள் போய் இறங்கியது 28. தெருவெல்லாம் வளைந்த மூங்கிலில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டிப் பார்க்க அவ்வளவு அழகு. பள்ளி மட்டும் பூட்டிக் கிடந்தது. இரண்டு வாரத்தில் வகுப்பு நடந்தது நான்கே நாள். ஏற்பாடு செய்து கொடுத்த முகவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை, பணத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

2026-ல் கலுங்கான் ஜூன் 17, அடுத்தது 2027 ஜனவரி 13. அதற்கு மேல் 210 நாள் கூட்டி நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மார்ச்சில் போகிறவர்கள் ஞெப்பி என்கிற மௌன நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும், வீட்டை விட்டு யாரும் வெளியே வரக் கூடாது.

கணக்கு வாத்தியார், திருச்சி: சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் எடுக்கலாம்தானே? சம்பளம் ஒன்றும் வாங்கவில்லையே.

கூடாது. சம்பளம் வாங்காததால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. இந்தியர்களுக்கு இறங்கியதும் கிடைக்கும் விசா 5 லட்சம் ருப்பியா, 30 நாள், ஒருமுறை நீட்டிக்கலாம். சுற்றிப் பார்க்க அது போதும். வகுப்பெடுக்க வேண்டும் என்றால் சமூகப் பணிக்கென்று தனி விசா உண்டு. அதற்கு உள்ளூர் அமைப்பு ஒன்று உங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும். 2011-ம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 122-வது பிரிவு, விசாவைத் தவறாகப் பயன்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை, 50 கோடி ருப்பியா வரை அபராதம் என்கிறது. பெரும்பாலும் நாடு கடத்துவதோடு விட்டுவிடுவார்கள் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் தைரியம் வேண்டாம்.

வெளிநாட்டவர் தலைக்கு ஒன்றரை லட்சம் ருப்பியா தீவுக் கட்டணமும் உண்டு, 2024 பிப்ரவரி 14-லிருந்து.

ஜூரோங் அப்பா: நாங்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள். எங்களுக்கு விசாவே வேண்டாமே?

30 நாள் விசா இல்லாமல் உள்ளே போகலாம். வகுப்பெடுப்பதற்கு மேலே வாத்தியாருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

மலர்விழி: பிள்ளைகளுக்குக் கொடுக்க என்ன மிட்டாய் வாங்கிப் போகலாம்?

வாங்கிப் போகாதீர்கள். எது கொடுத்தாலும் தலைமையாசிரியர் கையில் கொடுங்கள், எப்போது, யாருக்கு என்று அவர் பார்த்துக்கொள்வார். நாமே நேராகக் கொடுத்தால் அடுத்த நாள் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், பையைத்தான் பார்ப்பார்கள்.

புதுசா போறவன்: அங்கே போய் என்னதான் சொல்லிக்கொடுப்பது? எனக்கு ஆசிரியர் அனுபவம் கிடையாது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதல் பயணத்தில் நான் 11 கிலோ ஆங்கிலக் கதைப் புத்தகம் சுமந்துகொண்டு போனேன். எல்லாம் பனிக்கரடி, கிறிஸ்துமஸ் மரம், புகைபோக்கி. பிள்ளைகள் படம் பார்த்தார்கள், சிரித்தார்கள், அலமாரியில் வைத்தார்கள். அடுத்த முறை போனபோது கிந்தாமணி மூடுபனியில் ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிரித்துப் பார்த்தேன், கரடி பாதியாகக் கிழிந்து வந்தது.

அன்றைக்குத்தான் தலைமையாசிரியை அம்மாவிடம், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: பள்ளிக்கு என்ன வேண்டும்? அவர் யோசிக்கவே இல்லை. "மூடி, பு" என்றார். 'பு' என்பது 'இபு', அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. பின்னால் கூட்டிப்போய் மழைநீர்த் தொட்டியைக் காட்டினார். அந்த மேட்டில் ஆறும் இல்லை, கிணறும் இல்லை, மழைநீர்தான். தொட்டியின் மூடி உடைந்து, தண்ணீரில் இலையும் இரண்டு தவளையும் மிதந்தன. அதே தண்ணீரில்தான் பிள்ளைகள் கை கழுவ வேண்டும். ஒரு கொத்தனார், மூன்று நாள், சிமெண்ட் பலகை போட்டு முடித்தோம். நாங்கள் அங்கே செய்தவற்றில் உருப்படியானது அதுதான், அதில் எங்கள் ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

சரி, ஆங்கிலமே வேண்டாமா என்றால், வேண்டும்தான். 2013 பாடத்திட்டம் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடமாக வைக்கவில்லை. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் தீவு, அதனால் பெற்றோர் ஆசைப்படுகிறார்கள். ஆனால் நீங்கள் தனியாக வகுப்பு நடத்தாதீர்கள். வகுப்பு ஆசிரியர் முன்னால் நிற்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பேசிக் காட்டுங்கள். நீங்கள் பத்து நாளில் கிளம்பிவிடுவீர்கள், அவர்தான் ஆண்டு முழுவதும் அங்கே இருப்பவர். ஒரு பாடவேளை 35 நிமிடம். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

என் மகளுக்குப் பலித்த விளையாட்டு ஒன்று சொல்கிறேன். அவள் பலகையில் படம் வரைவாள். மாங்காய் வரைந்தால் வகுப்பே 'மங்கா!' என்று கத்தும். கப்பல் வரைந்தால் 'கபால்!'. பெட்டி வரைந்தால் 'பெத்தி!'. மூன்றும் தமிழிலிருந்து அந்தப் பக்கம் போன சொற்கள். அவள் தமிழில் சொல்ல, அவர்கள் இந்தோனேசியாவில் வழங்குகிற மாதிரி சொல்ல, கடைசியில்தான் ஆங்கிலம். மூன்றாவது நாள் மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

வேதா: வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பெயர் என்கிறார்களே, உண்மையா?

கிட்டத்தட்ட. முதல் பிள்ளை வயான் அல்லது புட்டு, இரண்டாவது மாடே அல்லது கடேக், மூன்றாவது ஞோமான் அல்லது கோமாங், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயான். "வயான்!" என்று கூப்பிட்டால் எட்டுப் பேர் திரும்புவார்கள். பின்னால் வரும் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளை போதும் என்ற பிரசாரத்தால் கெதுத்கள் குறைந்துபோய், 2019-ல் ஆளுநர் வயான் கோஸ்டரே அந்தப் பிரசாரத்தை நிறுத்தச் சொல்லி, நான்கு பிள்ளைகூடப் பெறலாம் என்று ஆணை விட்டார். ஆளுநரும் ஒரு வயான்தான், கவனித்தீர்களா?

சைவச் சாப்பாடு, மயிலாப்பூர்: இந்து ஊர் என்பதால் சைவம் கிடைக்கும்தானே?

இந்து ஊர்தான், பண்டிகை என்றால் பன்றி அறுப்பார்கள். ஆனால் சோயாவில் செய்யும் டெம்பே, டோஃபு, அப்புறம் கீரை, சோறு எங்கும் கிடைக்கும். சம்பலில் 'தெராசி' என்கிற இறால் விழுது இருக்கும், அதைப் போடாமல் தரச் சொல்லுங்கள்.

தயாபரன்: பிள்ளைகள் நாய்க்குட்டி என்றால் உயிர். அந்த ஊரில் நாய் நிறையவாம், விளையாட விடலாமா?

விடவே கூடாது. 2008 முதல் பாலியில் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது, மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். நாய், பூனை, குரங்கு எதையும் தொடக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அதே நாள் மருத்துவரிடம் ஓடுங்கள். கிளம்பும் முன்பே தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். இதை இன்னொரு முறையும் சொல்வேன்.

நல்ல மனசு: பள்ளிக்குப் பதில் அநாதை இல்லத்தில் ஒரு வாரம் இருக்கலாமா?

வேண்டாம். 2007-ல் இந்தோனேசிய சமூகநல அமைச்சகமும் யுனிசெஃபும் சேவ் த சில்ட்ரன் அமைப்பும் சேர்ந்து இல்லங்களை ஆராய்ந்தபோது, அங்கிருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பது தெரிந்தது. வறுமையால் பெற்றோர் விட்டுப் போன பிள்ளைகள். வாரம் ஒரு அத்தை மாமா வந்து கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போவது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்?

கீர்த்தனா: சாக்லேட் கொடுக்கலாமா? மிட்டாய் இல்லை, நல்ல கம்பெனி சாக்லேட்.

மலர்விழிக்குச் சொன்ன பதில்தான்.

சோழநாட்டான்: ராஜேந்திர சோழன் வென்ற நாடுதானே பாலி? அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் நம் மேல் பாசம் வரும் அல்லவா?

"உங்கள் ஊரை எங்கள் ஆள் அடித்துப் பிடித்தான்" என்று சொன்னால் எந்த ஊரில் பாசம் வரும் தம்பி?

அது இருக்கட்டும். ராஜேந்திரன் 1025-ல் படை அனுப்பியது சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜய அரசின் மேல். அவன் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு வரிகளான மெய்க்கீர்த்தியில் பட்டியலே இருக்கிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று போகும். பாலி அதில் இல்லை. அந்தச் சமயம் பாலியை ஆண்டது வர்மதேவ மரபு. அந்தக் குடும்பத்தில் பிறந்த ஐர்லங்கா 1019 முதல் கிழக்கு ஜாவாவை ஆண்டுகொண்டிருந்தான்.

கல்வெட்டுப் பிரியன்: அம்மா, 'வளைப்பந்தூறு' என்று ஓர் ஊர் அதே பட்டியலில் வருகிறதே. வளை என்பது பாலிதான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

வளைப்பந்தூறு எது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 'வளை', 'பாலி' என்று காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதை வைத்து ஊரைப் பிடிக்க முடியாது. அந்தக் கணக்கில் கிந்தாமணியை நம் சிந்தாமணி என்று சொல்லிவிடலாம்.

சோழநாட்டான்: அப்படியானால் தமிழனுக்கும் பாலிக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?

எங்கே சொன்னேன்? சோழனை விடப் பழைய தொடர்பு இருக்கிறது. பாலியின் வடகரையில் செம்பிரான் என்ற ஊரில் தொல்லியலாளர் வயான் ஆர்டிகா தோண்டியபோது, நம் அரிக்கமேட்டில் கிடைத்த மாதிரியான சக்கர வரிகள் போட்ட மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழசு. கொண்டுபோனது படை இல்லை, சரக்குக் கப்பல்.

அப்புறம் எழுத்து. பாலி எழுத்து, பழைய ஜாவாவின் கவி எழுத்து வழியாகப் பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது. மெய்யெழுத்து பதினெட்டு. நமக்கும் பதினெட்டுத்தானே என்று துள்ளாதீர்கள், வரிசை வேறு, 'ஹ ந ச ர க' என்று தொடங்கும். ஒரு வியாழக்கிழமை வகுப்பில் பெரியவர் ஒருவர் பனையோலையும் சின்னக் கத்தி போன்ற எழுத்தாணியும் கொண்டுவந்தார். வியாழன்தோறும் பாலி உடை, பாலி மொழி என்று 2018-லிருந்து ஆளுநர் விதி. அவர் ஓலையில் கீறியபோது ஒன்றுமே தெரியவில்லை. சுட்ட கொட்டையின் கரியைத் தேய்த்துத் துடைத்ததும் வரி வரியாக எழுத்து மேலே வந்தது. என் மகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நம் ஊரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த ஒன்று, அங்கே ஐந்தாம் வகுப்புப் பையன் மடியில் இருந்தது. சுவடிகளைப் பார்க்க ஆசை இருந்தால் சிங்காராஜாவில் 1928-ல் தொடங்கிய கெடோங் கிர்த்யா நூலகத்துக்குப் போங்கள்.

சோழர் கதையை இத்தோடு முடித்துக்கொள்வோம். இன்னும் 11 பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பதில் இதுதான்.

பாட்டி, தஞ்சை: அங்கே பிள்ளைகள் சாமி கும்பிடுவார்களா அம்மா?

காலை ஏழு மணிக்கு, பனியில், சீருடைக்கு மேல் ஜாக்கெட் போட்டு எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்து வழிபாடு சொல்வார்கள். திரிசந்தியா என்று பெயர். அதன் முதல் செய்யுள் காயத்ரி. உங்களைப் போல என் மாமியார் சொல்லிச் சொல்லி என் மகன் காதில் ஏறியிருந்தது, அவனும் சேர்ந்து சொன்னான். 210 நாளுக்கு ஒருமுறை சரஸ்வதி நாள் வரும். புத்தகத்துக்குப் படையல் வைப்பார்கள், அன்று படிக்கக் கூடாது. அந்த விதி மட்டும் என் பிள்ளைகளுக்கு விளக்காமலே புரிந்தது.

ரீல்ஸ் ராணி: பிள்ளைகளோடு படம் எடுத்துப் போடலாமா?

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு யாரோ வந்து படமெடுத்துப் போட்டால் சும்மா இருப்பீர்களா? கன்னத்தைக் கிள்ளுவது, தலையைத் தடவுவது அதுவும் வேண்டாம். தலை அவர்களுக்குப் புனிதம்.

ஊர்ப்பற்று: நம் ஊர் அரசுப் பள்ளி இருக்க, எதற்கு விமானம் ஏறிப் போக வேண்டும்?

நியாயமான கேள்வி. எங்கள் தெருப் பள்ளிக்கும் சனிக்கிழமைதோறும் போகிறேன். பாலிக்குப் போனபின்தான் போக ஆரம்பித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்டீபன்: ஸ்கூட்டர் வாடகை எவ்வளவு? எந்தக் கடற்கரை நல்லது?

பயண முகவரைக் கேளுங்கள். நான் மலையை விட்டு இறங்குவதே குறைவு.

அகிலா: பிஸ்கட்டாவது கொடுக்கலாமா அக்கா? குரங்குக்கு?

பிள்ளைக்குத் தலைமையாசிரியர் மூலம். குரங்குக்கு யார் மூலமும் வேண்டாம். தயாபரனுக்குச் சொன்னதை மறுபடி படியுங்கள்.

புதுசா போறவன்: அக்கா, அந்தத் தொட்டி மூடி இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. போன முறை பார்த்தபோது நான்கு பையன்கள் அதன்மேல் குந்திக் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை அம்மா துடைப்பத்தோடு வந்தார், மூன்று பேர் ஓடிவிட்டார்கள். நாலாமவன் கோலி எண்ணிக்கொண்டிருந்தான்.