பதில்: 5 வருட வேலையில் என் குணமே மாறிவிட்டது, திரும்புமா?

கலகலப்பாக இருந்த நீங்கள் இப்போது வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கனத்தது. உங்கள் பிறவிக் குணம் வெளியே வந்துவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

முப்பது வயதோடு குணம் உறைந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்காவில் மெல்வின் கோன், கார்மி ஸ்கூலர் என்ற ஆய்வாளர்கள் 1964-லும் 1974-லும் ஒரே ஆண்களைப் பேட்டி கண்டார்கள். சொந்தமாக யோசித்து முடிவெடுக்க வைக்கும் வேலை, சிந்தனையின் நெகிழ்வை வளர்த்திருந்தது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறந்தவர்களைப் பற்றிய நீண்டகால ஆய்வில் அவர்களை 18 முதல் 26 வயது வரை பின்தொடர்ந்தபோது, வேலை அனுபவத்தோடு சேர்ந்து கோபம், பதற்றம் போன்ற இயல்புகளும் மாறியிருந்தன. சரி, இது ஒருவழிப் பாதையும் அல்ல. நம் குணமும் நமக்கு வாய்க்கும் வேலையைத் தீர்மானிக்கிறது.

நீங்கள் சொன்னதில் என்னை உறுத்தியது வேலைப்பளு அல்ல. "எதையுமே நான் முடிவு செய்வதில்லை" என்ற வரிதான். பளு அதிகமாகவும் பிடி குறைவாகவும் இருக்கும் வேலைதான் ஆளை அரிக்கும். அதனால் ராஜினாமாவுக்கு முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வேலையின் வரிசையையோ நேரத்தையோ நீங்களே வகுத்துக்கொள்ள விடுவார்களா? அப்புறம், தூக்கமும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வும் இப்படி எரிச்சலாக வெளிப்படும்.