தாது ஆலையில் டன் ஏன் ஏறவில்லை? கேள்வி பதில்

கேள்வி (கிண்டி): வடமாநிலச் செம்பு ஆலை ஒன்றுக்கு ஆலோசனை சொல்கிறோம். மணிக்கு 200 டன்னுக்கு வடிவமைக்கப்பட்ட ஆலை, 160 டன்னைத் தாண்டவில்லை. பெரிய பால் மில் (எஃகு உருண்டைகள் போட்டுத் தாதுவை அரைக்கும் சுழல் உருளை) வாங்கச் சொல்லலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த 160 டன் ஓடிய நேரத்தின் கணக்கா, மாதத்தின் மொத்த நேரத்துக்கான சராசரியா என்பதை முதலில் கேளுங்கள். மணிக்கு 190 டன் அரைத்துவிட்டு ஆறில் ஒரு பங்கு நேரம் நின்று கிடக்கும் ஆலைக்கும் சராசரி ஏறத்தாழ 158 டன்தான் வரும். அங்கே குறை மில்லில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. அதற்கும் முன்பாக, தாது போகும் பெல்ட்டில் உள்ள எடைமானியைச் சோதித்துவிடுங்கள்.

எண் மெய்யானதுதான் என்று உறுதியானால், மில் மோட்டார் முழு மின்சுமையை இழுக்கிறதா என்று பாருங்கள். இழுக்கவில்லை என்றால் பெரும்பாலும் மில்லுக்குத் தீனி போதவில்லை. தாதுவை உடைக்கும் கிரஷரிலோ, துளை அடைபட்ட சல்லடையிலோ, காலியான தொட்டியிலோ காரணம் இருக்கும். முழுச் சுமை இழுத்தும் டன் ஏறவில்லை என்றால், அரைபட்ட குழம்பைச் சுழற்றி, நுண்துகளை மேல்வழியே அனுப்பி, பருமனானதை அடிவாய் வழியே மில்லுக்குத் திருப்பும் சைக்ளோனின் அடிவாய்க்குப் போய் நின்று பாருங்கள். அங்கிருந்து குழம்பு குடை விரித்தாற்போல் சிதறி விழ வேண்டும். கயிறு போலத் திரண்டு இறங்கினால் அடிவாய் திணறுகிறது என்று பொருள். பருமனான துகள் மேல்வழியே தப்பிப்போகும். அடிவாய் தேய்ந்து அகன்றிருந்தாலோ, நுண்துகளும் நீரும் மில்லுக்கே திரும்பி, அரைபட்டதே மறுபடி அரைபடும். புதிய அடிவாய்க்கு ஆகும் செலவு புதிய மில்லுக்கு ஆவதில் ஒரு துளி.

கேள்வி (அம்பத்தூர்): மில்லை வேகமாகச் சுழற்றினால் போதாதா?

பதில்: 42.3ஐ, மீட்டரில் உள்ள உள்விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் மாறுநிலை வேகம் (உருண்டைகள் விழாமல் சுவரோடு ஒட்டியே சுழலத் தொடங்கும் வேகம்) கிடைக்கும். 4 மீட்டர் மில்லுக்கு நிமிடத்துக்கு 21 சுற்று. வழக்கமாக இதில் 65 முதல் 80 விழுக்காடு வரை ஓட்டுவார்கள். ஏற்கெனவே 75இல் ஓடுகிற மில்லை மேலும் விரட்டினால் எஃகு உருண்டைகள் தாதுவை விட்டு மில்லின் உட்கவசமான லைனரைத்தான் அடிக்கும்.

கேள்வி (சேலம்): அரவையைச் சற்றுப் பருமனாக்கினால்?

பதில்: நல்ல கேள்வி. அரவைப் பொறியாளர் பிரெட் பாண்ட் 1952இல் வெளியிட்ட விதிப்படி, அரவைக் குறியெண் (தாது அரைபட எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண்) 14 உள்ள தாதுவை 12 மில்லிமீட்டரிலிருந்து 75 மைக்ரானுக்கு அரைக்க டன்னுக்கு ஏறத்தாழ 14.9 யூனிட் மின்சாரம் வேண்டும். 106 மைக்ரானில் நிறுத்தினால் 12.3 போதும். அதே மோட்டாரைக் கொண்டு ஏறத்தாழ 21 விழுக்காடு கூடுதல் டன் அரைக்கலாம்.

கேள்வி (கிண்டி, மீண்டும்): உலோக மீட்பு (தாதுவில் உள்ள உலோகத்தில் பிரித்தெடுக்கும் பங்கு) குறையுமே! இதைப் பரிந்துரைப்பது பொறுப்பற்றது.

பதில்: குறையும், எவ்வளவு என்பதே கேள்வி. மீட்பு 88இலிருந்து 85 விழுக்காடாக இறங்கினாலும், 21 விழுக்காடு கூடுதல் டன்னில் மொத்த உலோகம் ஏறத்தாழ 17 விழுக்காடு கூடுகிறது.

கேள்வி (சேலம்): கழிவுக் குட்டைக்குப் போன உலோகம் திரும்பி வராது. எங்கள் குத்தகையில் மிஞ்சியிருக்கும் தாதுவே கொஞ்சம்.

பதில்: உங்கள் சுரங்கத்துக்கு அந்த வாதம் முற்றிலும் பொருந்தும், தாது எல்லைக்குட்பட்டதாக இருக்கும்போது ஒவ்வொரு டன்னிலும் கறக்க வேண்டியதைக் கறந்துவிட வேண்டும். கிண்டி நண்பர் எழுப்பாத மறுப்பு ஒன்றும் உண்டு: டன் 21 விழுக்காடு ஏறினால், உலோகத் துகளைக் காற்றுக் குமிழியில் ஒட்டவைத்துப் பிரிக்கும் மிதப்புத் தொட்டிகளில் குழம்பு தங்கும் நேரம் ஏறத்தாழ 17 விழுக்காடு குறையும். மீட்பு அங்கேயும் சரியலாம். ஆகவே 106 மைக்ரான் மாதிரியை ஆய்வகத்தில், குறுகிய நேரத்துக்கே மிதக்கவிட்டுப் பாருங்கள்.

கேள்வி (தாம்பரம்): மாதிரிச் சோதனையை எங்கே செய்வது?

பதில்: தரமணியில் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையம் உள்ளது, அங்கே விசாரியுங்கள்.

கேள்வி (போரூர்): எங்கள் ஆலையிலும் டன் குறைகிறது. பெரிய மில் வாங்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எடைமானி?

கேள்வி (கிண்டி): 88இலிருந்து 85 என்பது உங்கள் கற்பனை எண். 78க்கு இறங்கினால்?

பதில்: அப்போதும் மொத்த உலோகம் 7 விழுக்காடு கூடுதல்தான், ஐயா. ஆனால் ஏறிய டன்னுக்குச் சுரங்கச் செலவும் ஏறும். அந்த 7 அதை ஈடுகட்டுமா என்பதை உங்கள் வாடிக்கையாளரின் கணக்கர்தான் சொல்ல வேண்டும்.