அவுட்லைனை அழிக்காதீர்கள்: பட்டன் பற்றிய கேள்வி-பதில்

இணையப் பக்கத்துக்காக ஒரு டிவ்வை (எச்டிஎம்எல்லின் பொதுவான வெற்றுப் பெட்டி) எடுத்து, கிளிக் ஆனால் இயங்கும்படி நிரல் எழுதி, அழகாக ஸ்டைலும் செய்துவிட்டேன். மவுஸில் நன்றாகவே வேலை செய்கிறது. 'பட்டன் எலிமென்ட்டைப் போடு' என்று மூத்த டெவலப்பர் திருப்பி அனுப்புகிறார். என்ன வித்தியாசம்?

மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் கீயை மட்டும் அழுத்தி உங்கள் பக்கத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஃபோகஸ் (கீபோர்டு இப்போது எதை இயக்கும் என்ற குறி) அந்த டிவ்வில் நிற்காமல் தாண்டிப் போய்விடும். கீபோர்டை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அப்படி ஒரு பட்டனே அங்கு இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரும் உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். இது ஒரு பட்டன் என்று சொல்லாது.

டிவ்வை வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்ய முடியும். டேப் கீ அங்கே நிற்கும்படி டேப்இன்டெக்ஸ் 0 கொடுக்க வேண்டும், ஸ்கிரீன் ரீடருக்காக ரோல் பட்டன் என்று குறிக்க வேண்டும், என்டருக்கும் ஸ்பேஸுக்கும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டும். என்டர் என்றால் அழுத்திய கணமே வேலை நடக்கும், ஸ்பேஸ் என்றால் விரலை எடுக்கும்போதுதான் நடக்கும். ஸ்பேஸ் அழுத்தினால் பக்கம் கீழே உருளாமல் தடுக்கவும் வேண்டும். இத்தனையும் எழுதி முடித்த பிறகும் ஃபார்மை அனுப்பத் தெரியாத, டிசேபிள்டு (முடக்கிய நிலை) என்றால் என்னவென்று தெரியாத ஒரு அரைப் பட்டன்தான் கையில் மிஞ்சும். முழுப் பட்டனை பிரவுசர் சும்மாவே தருகிறது.

பலர் டிவ்வுக்கு ஓடுவதற்குக் காரணம், பட்டன் எலிமென்ட்டின் பழைய சாம்பல் தோற்றம். தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் பார்டர், பேக்ரவுண்ட் இரண்டையும் நீக்கி, ஃபான்ட்டையும் கலரையும் பக்கத்திலிருந்தே பெறும்படி இன்ஹெரிட் ஆக்கினால் அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். அதன்மேல் நீங்கள் விரும்பியதை வரையலாம். இன்னொன்று: ஃபார்முக்குள் வைக்கும் பட்டனுக்கு டைப் குறிப்பிடாவிட்டால் அது சப்மிட் பட்டன் ஆகிவிடும். 'ஏன் பக்கம் ரீலோடு ஆகிறது' என்ற கேள்விகளில் பாதி இதனால் வருபவை.

எப்போது லிங்க், எப்போது பட்டன்?

வேறு இடத்துக்குப் போனால் லிங்க். இருக்கும் இடத்திலேயே ஏதாவது நடந்தால் பட்டன். லிங்க்கைப் பட்டன் மாதிரி வரைவதில் தவறில்லை, ஆனால் அதற்கு ஸ்பேஸ் கீ வேலை செய்யாது என்பது நினைவிருக்கட்டும்.

ஃபோகஸ் ஆகும்போது வரும் நீலக் கோடு அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்கிறார் கிளையன்ட். அவுட்லைன் நன் (none, கோடு வேண்டாம்) என்று போட்டுவிடலாமா?

கூடாது. கீபோர்டுகாரருக்கு மவுஸ் அம்பே அந்தக் கோடுதான். திரையிலிருந்து மவுஸ் அம்பை மறைத்துவிட்டு வேலை செய்யச் சொன்னால் கிளையன்ட் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அவர் எரிச்சலிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. மவுஸால் கிளிக் செய்தாலும் கோடு வந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. அதற்காகத்தான் ஃபோகஸ்-விசிபிள் என்ற சிஎஸ்எஸ் தேர்வி (செலக்டர்) வந்தது. கீபோர்டில் வரும்போது கோடு காட்டும், மவுஸால் பட்டனை அழுத்தினால் காட்டாது. 2022 முதல் முக்கியமான எல்லா பிரவுசர்களிலும் இது இருக்கிறது. இதைப் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கோட்டை எப்படி வரைவது? 2 பிக்சலுக்குக் குறையாத தடிமன், பட்டனிலிருந்து 2 பிக்சல் தள்ளி, பின்னணியோடு 3:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாட்டு விகிதம்). வெள்ளைப் பின்னணியிலும் கறுப்புப் பின்னணியிலும் ஒரே பட்டன் வரும் என்றால் உள்ளே ஒரு வெளிர் வளையம், வெளியே ஒரு அடர் வளையம் என்று இரண்டாகப் போடுங்கள். எங்கே வைத்தாலும் ஒன்று தெரியும். பாக்ஸ்-ஷேடோவை மட்டும் வைத்து வளையம் வரைபவர்கள் கவனிக்க: விண்டோஸின் உயர் கான்ட்ராஸ்ட் முறையில் நிழல்கள் எல்லாம் காணாமல் போகும். கூடவே ஒளிபுகும் நிறத்தில் ஒரு அவுட்லைன் கொடுத்து வையுங்கள். சாதாரணமாகக் கண்ணில் படாது, அந்த முறையில் மட்டும் தானாக நிறம் பெற்று வந்து நிற்கும்.

எங்கள் பிராண்டு நிறம் ஆரஞ்சு. அதன்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் கான்ட்ராஸ்ட் பரிசோதனையில் தோற்கிறது. கண்ணுக்கு நன்றாகத்தானே தெரிகிறது?

உங்கள் கண்ணுக்கு, உங்கள் மானிட்டரில். அதையே வெயிலில் நின்று மங்கலான போனில் பாருங்கள். இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி கேட்பது சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. சிஎஸ்எஸ்ஸின் ஆரஞ்சில் வெள்ளை எழுத்து 2:1-ஐக்கூட எட்டாது. அதே ஆரஞ்சில் கறுப்பு எழுத்து 10:1-ஐத் தாண்டும். பிராண்டைத் தொடாமல் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும்.

எல்லை எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு கணக்கு: வெள்ளைப் பின்னணியில் #767676 சாம்பல் 4.54 பெற்றுத் தேறிவிடும், #777777 அதைவிட ஒரு படி வெளிறியதால் 4.48-இல் தோற்றுவிடும். மவுஸை மேலே வைக்கும்போது வரும் ஹோவர் நிறத்தையும் அளக்க மறக்காதீர்கள். முதல் நிலையில் தேறி, ஹோவரில் வெளிறிப்போகும் பட்டன்கள் ஏராளம்.

ஃபார்மை முழுதாக நிரப்பும்வரை 'அனுப்பு' பட்டனை டிசேபிள் செய்து வைப்பது நல்ல வழக்கம்தானே?

எனக்கு அறவே பிடிக்காத வழக்கம். எந்தக் கட்டம் பாக்கி என்று சொல்லாமல், மங்கிப்போய் வாயை மூடிக்கொண்டு நிற்கும் பட்டனால் யாருக்கு என்ன பயன்? டிசேபிள்டு ஆனால் டேப் வரிசையிலிருந்தும் விழுந்துவிடும். பார்வையற்றவர் கடைசிக் கட்டத்தை நிரப்பி டேப் அழுத்தினால் பட்டனைத் தாண்டிப் பக்கத்தின் அடிப்பகுதிக்கே போய்விடுவார். அப்படி ஒரு பட்டன் இருந்ததே அவருக்குத் தெரியாமல் போகலாம். செயலற்ற பட்டனுக்கு கான்ட்ராஸ்ட் விதியில் விலக்கு இருப்பதால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

பட்டனைத் திறந்தே வையுங்கள். அழுத்தட்டும். குறை இருந்தால் அந்தக் கட்டத்துக்கே ஃபோகஸைக் கொண்டுபோய், என்ன குறை என்று எழுத்தில் சொல்லுங்கள். அழுத்தியபின் இரண்டாம்முறை போகாமல் தடுக்க வேண்டுமா? ஏரியா-டிசேபிள்டு (ஸ்கிரீன் ரீடருக்கு நிலையைச் சொல்லும் குறிப்பு) போடுங்கள். ஃபோகஸ் அங்கேயே இருக்கும், ஸ்கிரீன் ரீடரும் நிலையைச் சொல்லும். ஆனால் அது அறிவிப்பு மட்டுமே, கிளிக்கைத் தடுக்கும் வேலையை உங்கள் நிரல்தான் செய்ய வேண்டும்.

ஐகான் மட்டும் உள்ள பட்டன்களுக்கு டைட்டில் கொடுத்தால் போதாதா?

போதாது. டைட்டில் மவுஸ் வைத்தால் மட்டும் தெரியும். தொடுதிரையில் வராது, கீபோர்டிலும் பொதுவாக வராது. பட்டனுக்குள் கண்ணுக்கு மறைத்த எழுத்தாகவோ ஏரியா-லேபிளாகவோ ஒரு பெயர் கொடுங்கள், உள்ளே இருக்கும் ஐகான் படத்தை (எஸ்விஜி) ஸ்கிரீன் ரீடரிடமிருந்து மறைத்துவிடுங்கள். இடம் இருந்தால் ஐகானுக்குப் பக்கத்தில் எழுத்தையே வைப்பது எல்லாவற்றையும்விட மேல்.

இதிலேயே ஒரு தலைகீழ்த் தவறும் நடக்கிறது. பட்டனில் 'அனுப்பு' என்று கண்ணுக்குத் தெரியும், ஏரியா-லேபிளில் 'படிவத்தைச் சமர்ப்பி' என்று இருக்கும். குரலால் இயக்குபவர் கண்ணில் பட்டதைச் சொல்வார், ஒன்றும் நடக்காது. கண்ணில் தெரியும் சொல் பெயருக்குள்ளும் இருந்தே ஆக வேண்டும், முன்னால் இருந்தால் இன்னும் நல்லது.

ஒலியை நிறுத்துவது மாதிரி இருநிலைப் பட்டன்களில், அழுத்தப்பட்டதா என்ற நிலையைச் சொல்லும் ஏரியா-பிரஸ்டு பயன்படுத்தினால் பெயரை மாற்றாதீர்கள். பெயரும் நிலையும் சேர்ந்து மாறினால் 'ஒலியை இயக்கு, அழுத்தப்பட்டது' என்று கேட்கும். ஒலி வருகிறதா இல்லையா என்று யாருக்குப் புரியும்?

குறைந்தபட்ச அளவு?

2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 இடை மட்டத்தில் (AA) 24×24 சிஎஸ்எஸ் பிக்சல் கேட்கிறது. போதிய இடைவெளி இருந்தால் சிறியதற்கும் விலக்கு உண்டு. உயர் மட்டம் (AAA) கேட்பது 44×44. ஆப்பிளின் பரிந்துரையும் 44 பாயின்ட், கூகுள் மெட்டீரியலில் 48. நான் 44-க்குக் கீழே இறங்குவதில்லை. ஐகான் சிறியதாகவே இருக்கட்டும், பேடிங்கை (உள் இடைவெளியை) கூட்டினால் போதும்.

ஆங்கிலப் பட்டன்கள் சரியாக இருக்கின்றன. தமிழுக்கு மாற்றினால் எழுத்து வெளியே வழிகிறது, எழுத்துருவும் வேறாக வருகிறது. ஏன்?

முதலில் எழுத்துரு. பக்கத்துக்கு நீங்கள் கொடுத்த எழுத்துருவை பட்டன் எலிமென்ட் தானாக எடுத்துக்கொள்ளாது. மேலே சொன்ன ஃபான்ட் இன்ஹெரிட் இங்கேதான் கைகொடுக்கும்.

வழிவதற்குக் காரணம் நிலையான உயரமும் அகலமும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'கீ', 'டூ' போன்றவற்றின் சுழிகள் வரிக்கு மேலும் கீழும் நீளும். உயரத்தை நீக்கி மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) கொடுங்கள், பேடிங்கை எழுத்தின் அளவோடு மாறும் எம் அலகில் வையுங்கள், வரி உயரத்தை 1.5 அளவில் விடுங்கள், வரி மடங்குவதைத் தடுக்காதீர்கள். பயனர் எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் பட்டன் கூடவே வளரும். ஆங்கிலப் பக்கத்தில் ஒரு பட்டன் மட்டும் தமிழில் இருந்தால் அந்தப் பட்டனுக்கு மொழிக் குறியீட்டையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலிலேயே அதைப் படிக்கப் பார்க்கும். சில சமயம் ஒன்றுமே சொல்லாமலும் விட்டுவிடும்.